ரொறன்ரோ அக்கா

அக்காவுக்கு முன்னால் "பாவம்" என்று சொன்ன யாரும் அதை இன்னொரு தடவை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வங்கிக் கிளையில் அவர் காசாளர். உதவிப்பணம் எடுக்க வந்த ஒரு பெரியவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "பாவம் அந்தப் புள்ள, இந்த வயசில தனிய இரிக்கிறா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கிளை முழுவதற்கும் கேட்கத்தான் சொன்னார். அக்கா அவருடைய பணமெடுக்கும் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பம் பிழையாம். பெரியவர் திரும்ப வைத்தார். அதுவும் பிழையாம். அவருடைய கை களைத்து, வாயும் களைத்த பிறகுதான் ஒப்பம் சரிவந்தது.

ஊருக்கு அக்காவைப் பாவம் பார்க்கக் காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டில், கலியாணம் முடிந்து சில மாதங்களில், இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விசாரணை இன்னும் முடியவில்லைபோலும். அப்படிப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார்கள். ஆனால் எல்லா வீட்டுப் படலையையும் தட்டிப் பாவம் பார்க்க யாருக்கு நேரம்? அக்காதான் வேலைநாட்களில் கண்ணாடிக்குப் பின்னால் வசதியாக உட்கார்ந்திருந்தார். வரிசையில் நிற்கும் நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். அவர் பொட்டை அழிக்கவில்லை. அழித்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள். அழிக்காததால் ஐயோ பாவம் என்றார்கள்.

கணவர் இறந்துவிட்டதாக ஒப்பமிட்டால் நட்டஈடு எடுத்துத் தரலாம் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னாராம். "செத்ததை நீங்க கண்டனீங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். வந்தவர் தேத்தண்ணீர் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

சுனாமி வந்து அவருடைய வீட்டின் முன்பக்கத்தைக் கொண்டு போனபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண் நிவாரண அரிசிப் பையோடு வந்தார். பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கச் சொல்லிக் கமராவைத் தூக்கினார். அக்கா பையை அந்தப் பெண்ணின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கமராவை வாங்கி, அரிசிப் பையோடு அவரைப் படம் எடுத்து அனுப்பிவைத்தார். அந்தப் படம் எந்த நாட்டு அறிக்கையில் வந்ததோ தெரியாது.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் நன்றாக ஓடிய தொழில் பெயர்ப்பலகை எழுதுவதுதான். ஒரு கிணறு கட்டினால், அதைக் கட்டித் தந்த புண்ணியவான்களின் பெயர் சொல்ல இரண்டு மூன்று பலகை வேண்டும். சில கிராமங்களுக்குக் கிணற்றுக்கு முன்னமே பலகை போய்ச் சேர்ந்தது. தாகத்தோடு வருகிறவர்கள் வாசித்துக்கொண்டிருக்கலாம். அப்படியொரு பலகைக் கடையில் நான் எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். பலகை நட்டதைப் படமெடுத்து அனுப்பினால்தான் பணம் வரும் என்பதால் முதலாளி ஒரு டிஜிட்டல் கமராவும் வைத்திருந்தார்.

வேலை முடிந்ததும் நான் போவது இணையம் பார்க்கும் ஒரு நெற் கபேக்கு. காரணம் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன். 'மூடுபனித் துறை' என்று பெயர். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டில் தனியே இருக்கும் சுமி என்ற பெண்ணும், பனிமூட்டத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கென்ஜோ என்ற தோணிக்காரனும்தான் கதை. இந்தியத் தொலைக்காட்சி ஒன்று அதைத் தமிழில் ஒளிபரப்பிவந்தது. கென்ஜோ தோணியோடு காணாமல் போன இடத்தில் சட்டென்று நிறுத்தி, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி போடத் தொடங்கியது. உலகமெல்லாம் சிதறியிருந்த தமிழ் ரசிகர்கள் அந்தக் கோபத்தில் இணையத்தில் ஒரு களம் திறந்தார்கள். மிச்சக் கதையை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள், ஆளுக்கொரு விதமாக வரைந்தார்கள்.

களத்தில் 'நீங்கள் எந்த ஊர்' என்றொரு பகுதி இருந்தது. கதையை விட அங்கேதான் கூட்டம். லண்டனிலும் சூரிச்சிலும் இருந்தவர்கள் உள்ளே வந்ததும் களுதாவளையாகவும் வாழைச்சேனையாகவும் மாறினார்கள். சுமியின் வெளிச்சவீடு எங்கள் பாலமீன்மடு வெளிச்சவீடேதான் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அவருடைய பெயர் 'வாவிமகன்'. எண்பதுகளில், மீசை முளைக்கும் முன்பே லண்டனுக்குப் போனவர். அதனால் மட்டக்களப்பைப் பற்றிய கடைசி வார்த்தை அவருடையதுதான்.

நான் சுமி கல்லடிப் பாலத்தைக் கடப்பதாக ஒரு படம் வரைந்து போட்டேன். பாலம் அப்படி இருக்காது, நேரில் பார்க்காமல் வரையக் கூடாது என்று வாவிமகன் அறிவுரை எழுதினார். அன்று காலையும் நான் அந்தப் பாலத்தால்தான் வேலைக்குப் போயிருந்தேன். நான் மட்டக்களப்பிலேயே இருப்பவள் என்று பதில் எழுதினேன். அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டார்கள். இரத்தத்தில் தோய்ந்த தூரிகை என்றார் ஒருவர். நான் தோய்த்தது பலகைக் கடையில் மிஞ்சிய நீலப் பெயின்றில். நாட்கணக்காகக் கண்ணீர் ஓடியது. ரொறன்ரோவிலிருந்து 'மல்லிகை' என்பவர் மட்டும் இப்படி எழுதினார்: "அழுதது போதும். சுமியின் இடது கையில் ஆறு விரல் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லையா?"

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

அந்த ஆறாவது விரலில் தொடங்கியது எங்கள் சிநேகம். மல்லிகை எழுதுவார், நான் அதற்குப் படம் வரைவேன். மற்றவர்களின் கதைகளில் சுமி கரையில் நின்று அழுவாள், இரண்டாம் அத்தியாயத்தில் கென்ஜோ திரும்பி வந்துவிடுவான். மல்லிகையின் சுமிக்கு அழ நேரமில்லை. துறைக்கூலி வாங்குவாள், தராதவர்களோடு சண்டை பிடிப்பாள். கென்ஜோவைப் பற்றி யாராவது விசாரித்தால் கூலியை இரட்டிப்பாக்குவாள். வாவிக்கரைக் கண்ணாப் பற்றைகளும், கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிடுவதற்கு முன் ஏறி வரும் தண்ணீரும், நண்டு வலையின் நாற்றமும் அந்தக் கதைகளில் அப்படியே இருக்கும். இத்தனை வருடம் ஊரைப் பிரிந்திருந்தும் என்ன ஞாபகசக்தி என்று வாவிமகன் உருகினார். வாவி எப்படி இருக்கும் என்று ரொறன்ரோவைக் கேட்டுப் படிக்கும்படி எனக்கும் சொன்னார்.

மல்லிகைக்கு ஒரு கணவர் இருந்தார். 'இவர்' என்றுதான் எழுதுவார். எங்களுக்குப் பின்னேரம் ஆகும்போது அங்கே விடியும். "இவர் பனி அள்ளப் போய்விட்டார், அதற்குள் எழுதிப் போடுகிறேன்" என்று தொடங்குவார். இவர் பாதிப் பனியை அள்ளிவிட்டு மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று உள்ளே வந்துவிடுவாராம். மீன் வாங்க அனுப்பினால் கடைக்காரனோடு கதைத்துவிட்டு வெறுங்கையோடு வருவாராம். களத்தில் பலருக்குக் கென்ஜோவை விட இவரைப் பிடித்திருந்தது.

ஒரேயொரு விஷயம்தான் விளங்கவில்லை. கல்லடியில் கரண்ட் போகும்போதெல்லாம் ரொறன்ரோவிலும் போனது. பனிப்புயலில் கம்பி அறுந்ததாக அடுத்த நாள் எழுதுவார். கனடாவின் மின்சாரமும் நம்முடையதைப் போலத்தான் என்று எனக்கு ஒரு ஆறுதல்.

நெற் கபேயில் ஒவ்வொரு கணினியையும் பலகைத் தட்டிகளால் மறைத்துக் கூண்டுபோல வைத்திருந்தார்கள். ஒருநாள் அடுத்த கூண்டில் யாரோ தமக்குள் முணுமுணுப்பது கேட்டது. "கூலி தராம இறங்க ஏலா. அழுது காட்டினா பாதிக் கூலி எண்டு எந்த ஊர்ச் சட்டம்?" சற்று நேரத்தில் அதே வரி ரொறன்ரோவிலிருந்து என் திரைக்கு வந்து சேர்ந்தது. எட்டிப் பார்த்தேன். வங்கி அக்கா. சேலை மடிப்புக் கலையாமல், துண்டுகளுக்கு முத்திரை குத்தும் அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி உட்கார்ந்து, "அங்கே இப்போது பனியா அக்கா?" என்று எழுதினேன். அடுத்த கூண்டில் விசை தட்டும் சத்தம். "சரியான பனி. கை விறைக்கிறது" என்று பதில் வந்தது. அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறியைத் தன் பக்கம் இழுப்பது தட்டி இடுக்கால் தெரிந்தது.

நான் எழுந்து நின்று சொன்னேன். "அக்கா, அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. எனக்கும் விறைக்கட்டும்."

அக்கா பதறவில்லை. எழுதியதைக் களத்தில் ஏற்றி, காசு கொடுத்து, வெளியே வந்து நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீதானா அந்த ஆறு விரல்?"

ஓம் என்றேன். ஏன் ரொறன்ரோ என்று கேட்டேன்.

"மட்டக்களப்பு எண்டு போட்டா கதையை ஆரு புள்ள படிக்கிறது? கண்ணீரைத்தான் தேடுவாங்க. நீ படத்தில ஒரு கையைப் பிழையாக் கீறினாய். அழுதாங்களே தவிர, ஒருத்தனாவது பிழை பிடிச்சானா? ரொறன்ரோ எண்டு போட்டுப் பாரு, பிழை பிடிப்பாங்க. எனக்கு அது போதும்."

"அப்ப 'இவர்'?"

அக்கா குடையை விரித்தார். "கனடாவில தனிய இரிக்கிற பொம்பிளையையும் பாவம் எண்டுதான் சொல்லுவாங்க. அதுக்குத்தான் ஒராளை வச்சிரிக்கன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "அந்தச் சோம்பல் மட்டும் கற்பனை இல்ல."

இதற்குள் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையை நோக்கி எங்கள் தலைக்கு மேலால் ஷெல் போனது. அங்கிருந்து சனம் மூட்டை முடிச்சுகளோடு இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. எங்கள் கடையில் கிணற்றுப் பலகைகள் நின்று முகாம் பலகைகள் தொடங்கின. நெற் கபேயின் தட்டிகள் அதிரும்போதெல்லாம் மல்லிகையின் கதையில் ஒரு எழுத்துப் பிழை விழும். வாவிமகன் சுட்டிக்காட்டுவார். குளிரில் விரல் வளையவில்லை என்று மல்லிகை மன்னிப்புக் கேட்பார்.

ஆனால் வாவிமகன் செய்தியும் பார்க்கிறவர். மட்டக்களப்பில் ஊரடங்கு என்ற நாட்களில் ரொறன்ரோவும் பேசாமலிருப்பதைக் கவனித்துவிட்டார். யாரோ நம் உணர்வுகளோடு விளையாடுகிறார்கள், உண்மையென்றால் பனியோடு ஒரு படம் போடட்டும் என்று எல்லோருக்கும் தெரிய எழுதினார். இதை விட்டுவிடும்படி நான் அக்காவிடம் சொன்னேன். ஒரு கார்ட்டூன் களம்தானே, வேறு பெயரில் வரலாமே என்றேன்.

"பிடிச்சாங்களெண்டா எங்க இரிக்கன் எண்டு தெரியும். மறுகா ஏன் பொய் சொன்னன் எண்டு கிண்டுவாங்க. கடைசியில அதுக்கும் சேர்த்துப் பாவம் எண்டுவாங்க." அக்கா யோசித்தார். "இந்த ஊரில பனிக்கு எங்க போறது?"

பனிக்குக் கடற்கரை மீன் வாடிக்குப் போனோம். அங்கே என் முதலாளியின் மச்சான் ஐஸ் கம்பனி வைத்திருந்தார். மீன்பெட்டிகளுக்காக அரைத்த ஐஸ் சுவர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கோட்டுக்கு அலையத் தேவையில்லை. சுனாமி நேரத்தில் எந்தக் குளிர்நாட்டுப் புண்ணியவானோ எங்கள் கடற்கரைக்கு மூட்டை மூட்டையாகக் கம்பளிக் கோட்டுகள் அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் ஒன்று தண்ணீர் மோட்டாரை மூடியிருந்தது. முதலாளியின் கமராவை இரவல் வாங்கிக்கொண்டேன்.

ஐஸ் அள்ளும் தொழிலாளி ஒருவரிடம் கோட்டைக் கொடுத்தோம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேல் அதைப் போட்டு, தலையில் ஒரு தொப்பியும் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி மண்வெட்டியால் அள்ளினார். வெளியே வெயில் கொளுத்தியது. கோட்டுக்குள் அவருக்கு வேர்த்து வடிந்தது. சாரம் தெரியாமல் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தேன். அக்கா அவருக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்வளவு கெதியா அள்ளாதீங்க. இடைக்கிடை நில்லுங்க. இடுப்பில கையை வையுங்க. ஓம், அப்படித்தான் நிப்பார்."

எடுத்த படத்தைக் கமராவின் சின்னத் திரையில் காட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை. தொழிலாளி கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்து, தேத்தண்ணீர் குடித்து, வேலைக்குத் திரும்பிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

படம் களத்தில் ஏறியதும் வாவிமகன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு யாரோ ஒரு வேலையற்றவர் படத்தைப் பெரிதாக்கி, பனிக்குள் ஒரு மீன்வால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். நான் அக்காவின் கூண்டுத் தட்டியில் தட்டினேன். அக்கா முணுமுணுத்தபடி தட்டினார்: "இவர் இன்றைக்குத்தான் ஒழுங்காக மீன் வாங்கி வந்தார். அதையும் வாசலில் போட்டுவிட்டார்." வாவிமகன் நெகிழ்ந்துபோனார். பனியில் புதைந்தாலும் மட்டக்களப்பான் மீனை விடமாட்டான் என்று எழுதினார். அன்றிலிருந்து களம் மல்லிகையின் இவரைப் 'பனி அண்ணன்' என்று அழைத்தது. யாரோ அண்ணனைப் படமாகவும் வரைந்தார்கள். அண்ணனும் கென்ஜோவும் சேர்ந்து மீன் பிடிப்பதாக ஒரு கதைகூட வந்தது.

புகழ் பொல்லாதது. ஒரு கலியாணத்துக்காக ரொறன்ரோ வருவதாகவும், அண்ணனோடு சேர்ந்து மீன்குழம்பு சாப்பிடாமல் திரும்புவதில்லை என்றும் வாவிமகன் அறிவித்தார். முகவரி கேட்டார்.

அக்கா ஒரு கிழமை முழுக்கக் கபே பக்கம் வரவில்லை. வந்த அன்று என்னை அடுத்த கூண்டில் இருக்கச் சொன்னார். சுகமில்லை என்று எழுதினால் போதுமே, வேறு நகரத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்லலாமே என்று நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒராளை எவ்வளவு காலத்துக்குப் பனி அள்ள விடுறது புள்ள?" என்றார்.

வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். "இவர் நேற்றுக் காலை காலமானார். பனி அள்ளும்போது நெஞ்சுவலி. வீட்டு வாசலில்தான். நான் பக்கத்தில் இருந்தேன். வேதனைப்படவில்லை." கடைசி வரியில் நின்றார். அழிக்கும் விசையின் சத்தம் கேட்டது. திரும்பத் தட்டினார். திரும்ப அழித்தார். கடைசியில் அதை அப்படியே விட்டு ஏற்றினார்.

இரங்கல்கள் குவிந்தன. இதுவரை கதை எழுதாதவர்கள், படம் போடாதவர்கள், பெயரே தெரியாதவர்களெல்லாம் வந்து எழுதினார்கள். எல்லாவற்றிலும் அந்தப் 'பாவம்' இருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் வாசித்து, ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினார். எவருடைய எழுத்துப் பிழையையும் திருத்தவில்லை. அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. தட்டி உயரம்.

வாவிமகன் லண்டனில் ஊர்க்காரரைக் கூட்டிக் கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்யப் போவதாக எழுதினார். பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா இரண்டையும் சரியாக எழுதி அனுப்பினார். அந்தப் பெயரை நான் அன்றுதான் அறிந்தேன். ஊர் அவரை 'அவட புருசன்' என்றே சொல்லிப் பழகியிருந்தது. ஆள் கனக்க வந்ததாகவும், வடையும் மோதகமும் கொடுத்ததாகவும் வாவிமகன் பிறகு விவரமாக எழுதினார். அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவோ நக்கலடித்திருக்கிறேன். ஆனால் அக்காவின் கணவருக்காக அதுவரை ஆள் சேர்த்துக் கோயிலுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வருடம் களம் மூடப்பட்டது. மல்லிகையின் கதை முடியாமலே நின்றது. அக்கா இடமாற்றம் வாங்கித் திருகோணமலைப் பக்கம் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை. என்னிடம் இருப்பது அவர் போவதற்கு முந்திய ஒரு காலைப் பொழுதுதான். ரொறன்ரோவில் இவர் இறந்து முப்பத்தோராம் நாள் அது. வாவிமகன்தான் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். வங்கிக்கு லீவு போட்டுவிட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, அக்கா அமிர்தகழிப் பக்கம் வாவிக்கரைக்குப் போனார்.

பிள்ளை இல்லாததால் தர்ப்பையை அக்காவிடமிருந்து வாங்கி ஐயரே எல்லாவற்றையும் செய்தார். பெயர் கேட்டார். நட்சத்திரம் கேட்டார். இறந்த நாள் கேட்டார். அக்கா தயங்காமல் சொன்னார். அத்தனை வருடமும் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. ஐயர் திதியைக் கணித்துக்கொண்டு, எள்ளைக் கையில் எடுத்து, அடுத்ததைக் கேட்டார்.

"எங்க வச்சு உயிர் போனது?"

"கனடாவில."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். வாவிக்கு அந்தப் பக்கம் ஏதோ வெடித்து அடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கனடாவிலயா?" என்றார். "வீட்டிலயா?"

"ஓம் ஐயா. வாசலில. நான் பக்கத்திலதான் நிண்டன்."

"குடுத்துவச்ச மனிசன்" என்றார் ஐயர், உண்மையான பொறாமையோடு.

"ஓம் ஐயா" என்றார் அக்கா. பிறகு சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஐயர் தந்த எள்ளோடு தண்ணீருக்குள் இறங்கினார்.